சிலாங்கூர் ஆற்றின் கரையில்: ஈயம் முதல் குடிநீர் வரை

சிலாங்கூர் ஆறு தித்திவாங்சா மலைத்தொடரில், பிரேசர் மலையின் சரிவுகளில் பிறக்கிறது. மலையடிவாரத்து ஊரான கோலா குபு பாருவைக் கடந்து, ராசா, பத்தாங் காலி, ரவாங் பக்கத்துக் கிளை ஆறுகளைச் சேர்த்துக்கொண்டு, பெஸ்தாரி ஜெயா வழியே மேற்கு நோக்கி ஓடி, கோலா சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மேல்பாதி உலு சிலாங்கூர் மாவட்டத்திலும் கீழ்ப்பாதி பெரும்பாலும் கோலா சிலாங்கூர் மாவட்டத்திலும் அடங்கும்.

கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இந்த ஆற்றுப் படுகையை நம்பி ஈயம், ரப்பர், செம்பனை, குடிநீர் என்று நான்கு பெருந்தொழில்கள் அடுத்தடுத்து வளர்ந்தன. நான்கும் நாட்டுக்கு வருமானமோ வசதியோ தந்தன. நான்கிலும் ஆதாயம் போன இடம் ஒன்று, சேதம் விழுந்த இடம் வேறு. சேதத்தைத் தாங்கியவர்களின் குரல் எந்த அளவுக்கு எடுபட்டதோ அந்த அளவுக்குத்தான் ஆற்றுக்கும் காட்டுக்கும் பாதுகாப்பு கிடைத்தது என்பதை இப்பகுதியின் வரலாறு காட்டுகிறது.

அணை உடைந்த ஊர்

கோலா குபு வட்டாரத்தில் ஈயம் எடுக்கும் தொழில் பிரிட்டிஷார் வருவதற்கு முன்பே நடந்தது. ஈயக் கழுவலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் மலாய்க்காரர்கள் மரக்கட்டைகளையும் மண்ணையும் கொண்டு ஊருக்கு மேலே ஓர் அணை கட்டியிருந்தனர். 1874இல் சிலாங்கூர் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆட்சிமுறைக்குள் வந்தபின் சீனர்களின் ஈய லம்பங்கள், அதாவது சுரங்கங்கள், பெருகின. அணைக்குக் கீழே கடைத்தெருவும் குடியிருப்பும் வளர்ந்தன.

1883 அக்டோபர் 29ஆம் நாள் அந்தப் பழைய அணை உடைந்தது. வெள்ளம் ஊரின் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. இறந்தவர்களில் அங்கே அரசு அதிகாரியாக இருந்த சிசில் ராங்கிங்கும் ஒருவர். அணைநீரைக் காத்து நின்ற வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்ற கதை இன்றும் வட்டாரத்தில் வழங்குகிறது. பழைய ஊர் இருந்த இடத்துக்கு அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஊர் மீண்டும் எழுந்தது. 1894இல் கோலாலம்பூரிலிருந்து வந்த இரயில் பாதை கோலா குபுவை எட்டியது. இங்கிருந்து மலையைத் தாண்டிப் பகாங்கின் ரவுப்புக்குச் செல்லும் சாலையும் அமைந்ததால் ஊர் வணிக மையமாயிற்று. ஆனால் அடுத்த அழிவும் ஈயத் தொழிலிலிருந்தே வந்தது. மலைச்சரிவுகளில் மண்ணைத் தண்ணீர் அடித்துக் கரைத்து ஈயத்தைப் பிரித்தெடுத்த லம்பங்கள், மிஞ்சிய மணலையும் சேற்றையும் ஆற்றிலேயே விட்டன. ஆற்றின் அடித்தளம் ஆண்டுதோறும் உயர்ந்தது. மழைக்காலத்தில் ஆறு கரையை மீறுவதும் தெருக்களில் மணல் படிவதும் வழக்கமாயின. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊரை அங்கேயே வைத்துக் காப்பாற்ற முடியாது என்பது உறுதியானது.

ஆற்றைத் திருத்துவதைவிட ஊரை இடம் மாற்றுவதே எளிது என்று அரசு முடிவு செய்தது. புதிய ஊருக்கான திட்டத்தை வகுத்தவர் சார்ல்ஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்து தென் ஆஸ்திரேலியாவில் நகர்த் திட்டமிடல் பணியாற்றிய அவர், 1921இல் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு நகர்த் திட்ட அதிகாரியாக வந்தார். இங்கிலாந்தில் எபனேசர் ஹவர்ட் முன்வைத்த தோட்டநகரக் கோட்பாட்டைப் பின்பற்றி, மேட்டு நிலத்தில் கடைத்தெருவையும் குடியிருப்பையும் தனித்தனியே அமைத்து, இடையில் பசுமையான திறந்தவெளியை விட்டார். 1920களின் பிற்பாதியிலிருந்து 1930களின் தொடக்கம் வரை மக்கள் படிப்படியாகப் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தனர். கோலா குபு பாரு உருவான வரலாறு இதுதான். பாரு என்றால் புதியது. பழைய ஊர் மணலுக்கடியில் போயிற்று.

அந்தக் காலத்துக் கணக்கில் ஈயத்தின் மதிப்பு மிகப் பெரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் ஈய உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி மலாய் மாநிலங்களிலிருந்து கிடைத்தது. இரயில் பாதைக்கும் சாலைகளுக்கும் அரசாங்கம் செலவிட்ட பணத்தில் பெரும்பங்கு ஈய ஏற்றுமதி வரியிலிருந்து வந்தது. அந்த வருமானத்தை இழக்க அரசு விரும்பவில்லை. ஆற்றோரத்து வயல்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வாக்குரிமை இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது புதிய ஊர் மட்டுமே.

காடு தோட்டமான காலம்

1905க்குப் பிறகு மோட்டார் வண்டிகளுக்கான டயர் தேவை ரப்பர் விலையை உயர்த்தியது. 1910இல் விலை உச்சத்தைத் தொட்டது. சில ஆண்டுகளுக்குள் கோலா சிலாங்கூரின் சதுப்பு நிலங்களிலும் உலு சிலாங்கூரின் மலையடிவாரங்களிலும் காடு வெட்டப்பட்டு ரப்பர் நடப்பட்டது. அந்த வேலைக்கு ஆள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தது. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை. 1910இல் அதை நிறுத்த முடிவாகி, சில ஆண்டுகளில் அது மறைந்தது. கங்காணிகள் தங்கள் ஊர்களிலிருந்தும் உறவுகளிலிருந்தும் ஆள் கூட்டி வரும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இந்த வருகை நீடித்தது.

காட்டை அழித்ததன் முதல் விளைவு தொழிலாளர்களின் உடலில் தெரிந்தது. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1911இல் நூலாக வெளியிட்டார். கடலோரச் சதுப்பில் நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிட்டது. அங்கே மரங்களை அகற்றி வடிகால் வெட்டியபோது மலேரியா குறைந்தது. மலையடிவாரத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்கே நோயைப் பரப்பிய அனாபிலஸ் மாகுலாட்டஸ் என்ற கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரைத் தேடி வளர்வது. காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டதும் அது பெருகிற்று. கடலோரத் தோட்டத்தைக் காத்த அதே வேலை மலையோரத் தோட்டத்தின் தொழிலாளர் லயங்களில் மரணத்தைக் கொண்டுவந்தது. நிலத்துக்கேற்ற நடவடிக்கை வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து பிறந்தது. மலைத் தோட்டங்களில் ஓடைகளுக்கு எண்ணெய் தெளிப்பதும் மண்ணுக்கடியில் குழாய் வடிகால் பதிப்பதும் அதன்பிறகே பரவின.

இரண்டாவது விளைவு மண்ணரிப்பு. ரப்பர் மரங்களுக்கிடையே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது அக்கால நிர்வாகிகளின் பிடிவாதம். புல் வெட்டுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. மூடாக்கு இழந்த சரிவுகளில் மேல்மண் மழையோடு ஓடி, லம்பச் சேற்றோடு சேர்ந்து ஆற்றை நிரப்பியது. பின்னர் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைகளும் உரச்செலவின் கணக்கும் சேர்ந்து நிர்வாகங்களை மாற்றின. மரங்களுக்கிடையே கொடிவகைப் பயறுச் செடிகளை வளர்த்து மண்ணை மூடும் முறை 1930களில் பரவியது. இதற்குச் சட்டத்தின் கட்டாயம் தேவைப்படவில்லை. இழந்த மண் தோட்ட முதலாளியின் சொந்த நட்டமாக இருந்ததே காரணம்.

தென்னமரம் முதல் ஆலைக் கழிவுநீர் வரை

நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக்கிய முதல் தோட்டமும் இந்த ஆற்றோரத்தில்தான் எழுந்தது. ஆன்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலா சிலாங்கூர் அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தார். சுமத்ராவின் டெலிப் பகுதியிலிருந்து செம்பனை விதைகளை வரவழைத்து முதலில் அழகுக்காக நட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே தென்னமரம் தோட்டத்தில் அதை முழுப் பயிராகப் பயிரிட்டார். மலேசியாவின் செம்பனைத் தொழிலின் தொடக்கமாக அந்த நடவையே வரலாறு குறிக்கிறது. போகோனியே பின்னர் மலாயாத் தோட்ட வாழ்வைப் பின்புலமாக வைத்து எழுதிய மலேசி என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு செயற்கை ரப்பரின் போட்டியில் இயற்கை ரப்பரின் விலை தளர்ந்தது. 1960களிலிருந்து பால்மரங்களை வெட்டிச் செம்பனை நடுவது வேகம் பெற்றது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பால்வெட்டை நம்பியிருந்த குடும்பங்களில் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றுக்கான சிக்கல் செம்பனை எண்ணெய் ஆலைகளிலிருந்து வந்தது. ஒரு டன் செம்பனை எண்ணெய் பிழிந்தால் இரண்டு டன்னுக்கும் அதிகமான கழிவுநீர் வெளியேறும். ஆற்றில் கலந்ததும் அது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். இந்த ஆக்சிஜன் தேவையை அளக்கும் அலகில், சுத்திகரிக்கப்படாத ஆலைக் கழிவுநீர் லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீரை விடப் பல மடங்கு அதிகம். 1970களின் நடுவில் நாட்டின் ஆறுகளை மிக அதிகமாகக் கெடுத்த தொழிலாகச் செம்பனை ஆலைகள் முன்னின்றன. மீன் செத்து மிதப்பதும் குளிக்க இறங்க முடியாத அளவுக்கு ஆறு நாறுவதும் பல மாநிலங்களில் பொதுப் புகாராயின.

1974இல் நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகள் வந்தன. ஆலைகளை மூடினால் ஏற்றுமதியும் வேலைகளும் போகும், விட்டால் ஆறுகள் போகும் என்ற இக்கட்டில் எடுத்த நடவடிக்கை அது. ஆலைக்கு ஆண்டுதோறும் உரிமம் வேண்டும். உரிமக் கட்டணம் வெளியேற்றும் மாசின் அளவைப் பொறுத்தது. முதலாண்டில் வரம்பை மீறிய ஆலை கூடுதல் கட்டணம் செலுத்தித் தொடர்ந்து இயங்கலாம். அதன்பின் வரம்பு கட்டாயமாயிற்று. 1978 ஜூலையில் 5,000 மில்லிகிராமாக இருந்த வரம்பு, அடுத்தடுத்த ஆண்டுகளில் 2,000, 1,000, 500, 250 என்று இறங்கி, 1984இல் 100 ஆனது.

அந்தக் கால அவகாசத்தில் ஆலைகள் நொதிக்குளங்களை அமைத்தன. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும் எளிய முறை அது. சிதைந்த கழிவைத் தோட்டத்துக்கு உரமாகப் பாய்ச்சவும் கற்றுக்கொண்டனர். 1975இல் 13 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்த மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 1985இல் 41 லட்சம் டன்னாக உயர்ந்தது. அதே காலத்தில் ஆலைகளிலிருந்து ஆறுகளில் சேர்ந்த மாசு பெருமளவு குறைந்தது. வளரும் நாடு ஒன்று, தன் முதன்மை ஏற்றுமதித் தொழிலை முடக்காமல் மாசைக் குறைத்ததற்கு எடுத்துக்காட்டாகச் சுற்றுச்சூழல் பொருளாதார ஆய்வுகள் இதைக் குறிப்பிடுகின்றன. திறந்த குளங்களிலிருந்து எழும் மீத்தேன் வாயுவின் சிக்கல் பின்னாளில்தான் கவனத்துக்கு வந்தது.

இதற்கிடையே ஈயத்தின் காலம் முடிந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றி மண்ணைத் தோண்டிய பெரும் தூர்வாரிக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவை விட்டுச்சென்றவை மணல்மேடுகளும் நூற்றுக்கணக்கான ஏக்கரில் விரிந்த குட்டைகளும்.

தண்ணீருக்காக ஓர் அணை

1980களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. தலைநகரின் தாகத்தைத் தீர்க்கச் சிலாங்கூர் ஆறு தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் இரண்டு கட்டத் திட்டங்களில் ஆற்றோரச் சுத்திகரிப்பு நிலையங்களும் சுங்கை திங்கி அணையும் அமைந்தன. 1998இல் எல் நினோ வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. கோலா குபு பாருவுக்கு மேலே பெரிய அணை ஒன்றைக் கட்டும் மூன்றாம் கட்டத் திட்டம் அதையடுத்து விரைந்தது.

1987இல் வெளியான அரசாணையின்படி பெரிய அணைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். இந்த அணைக்கான மதிப்பீட்டு அறிக்கை 1999இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மலேசிய இயற்கைச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகளும் உள்ளூர்வாசிகளும் சேர்ந்து சிலாங்கூர் ஆற்றைக் காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். அவர்களின் கேள்விகள் மூன்று. முதலாவது, பெராத்தாக், கெராச்சி கிராமங்களில் வாழ்ந்த தெமுவான் பூர்வகுடிகளின் நிலமும் முன்னோர் புதைந்த இடங்களும் என்னாகும்? இரண்டாவது, ஆற்றின் கீழ்முனையில் வாழும் மின்மினிகளுக்குத் தேவையான நன்னீர் வந்து சேருமா? மூன்றாவது, பழைய குழாய்களில் கசிந்து வீணாகும் நீரைச் சேமித்தால் அணையே தேவைப்படாதல்லவா?

மூன்றாம் கேள்வியின் வலு கணக்கில் இருந்தது. அக்காலத்தில் சிலாங்கூரில் சுத்திகரித்து அனுப்பிய நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வருவாய் தராமல் போனது. அதில் பெரும்பகுதி குழாய்க் கசிவு. ஆயினும் குழாய்களை மாற்றுவது பல ஆண்டு வேலை, வறட்சியின் நினைவோ புதிது. திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. 110 மீட்டர் உயரமும் 23 கோடி கன மீட்டர் கொள்ளளவும் உடைய அணை 2000களின் தொடக்க ஆண்டுகளில் கட்டி முடிந்தது. இரு கிராமங்களின் தெமுவான் குடும்பங்கள் புதிய வீடுகளுக்கு மாற்றப்பட்டன. இன்று சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய மூன்றின் குழாய்நீரில் ஏறத்தாழ 60 விழுக்காடு இந்த ஆற்றுத் திட்டங்களிலிருந்து வருகிறது.

பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய சட்டம் அதே ஆண்டுகளில் நீதிமன்றங்களில் உருப்பெற்றது. ஜொகூரில் நீர்ப்பிடிப்புப் பகுதிக்காகக் காட்டை இழந்த ஜக்குன் மக்கள் தொடுத்த அடோங் வழக்கில் 1997இல் உயர் நீதிமன்றம் அவர்களின் மரபுவழி உரிமையை ஏற்று இழப்பீடு வழங்கியது. கோலாலம்பூர் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த டெங்கில் தெமுவான் மக்களின் சாகோங் தாசி வழக்கில் 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் நிலத்தின் மீதே அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கெராச்சி மக்கள் இடம்பெயர்ந்த பிறகே இந்த இரண்டாம் தீர்ப்பு வந்தது.

ஆற்றின் கீழ்முனை

கோலா சிலாங்கூருக்குச் சற்று மேலே கம்போங் குவாந்தான் கரைகளில் டெரோப்டிக்ஸ் டெனர் என்ற மின்மினி இனம் பெருங்கூட்டமாக வாழ்கிறது. ஆண் மின்மினிகள் பெரெம்பாங் மரங்களில் அமர்ந்து ஒரே தாளத்தில் ஒளிவிடும். பூச்சியின் புழுப்பருவம் மரத்தில் கழிவதில்லை. ஆற்றோர ஈரநிலத்தில் நத்தைகளைத் தின்று அது வளர்கிறது. அதனால் மரமும் வேண்டும், மரத்துக்குப் பின்னால் ஈரமான புதர்நிலமும் வேண்டும், உப்பும் நன்னீரும் அளவாகக் கலந்த ஆறும் வேண்டும். கரைவரை செம்பனை நட்டால் புழுவின் இடம் போகும். மேலே நன்னீரைத் தடுத்தால் கடலின் உப்பு உள்ளே ஏறிப் பெரெம்பாங் மரங்களை வாட்டும்.

மின்மினியைக் காண வரும் பயணிகளால் படகோட்டிகள், உணவுக்கடைக்காரர்கள் முதலிய உள்ளூர்க் குடும்பங்களுக்கு வருமானம் கிடைத்தது. பூச்சியைக் காப்பதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று பிறந்ததே அதன் பாதுகாப்புக்கு வலுச்சேர்த்தது. 1987இல் தொடங்கிய கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா, கடற்கரைச் சதுப்புக்காட்டைத் தோட்டமாகவோ கோல்ப் மைதானமாகவோ மாறாமல் காத்தது. 1999இல் மாநிலச் சட்டமன்றம் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்துக்கான சட்டத்தை இயற்றியது. ஊற்று முதல் கழிமுகம் வரை ஆற்றை ஒரே அமைப்பின் பொறுப்பில் வைக்க முயன்ற சட்டம் அது. மின்மினிக் கரைகள் பின்னர் அச்சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டன.

குடிநீர் ஆறாக மாறியதால் ஆற்றின் மாசு தலைநகரத்தின் சிக்கலாயிற்று. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் வரவில்லை. ஆலைக் கழிவால் கரையோர மக்கள் மட்டும் அவதிப்பட்ட காலத்தில் சட்டம் வரப் பல ஆண்டுகள் பிடித்தன. இம்முறை மாநில அரசு அதே ஆண்டில் தண்டனையைக் கூட்டியது. 2024இல் நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி, கடுங்குற்றங்களுக்கான உச்சத் தண்டத்தொகையை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது.

ஈயத் தூர்வாரிக் கப்பல்கள் விட்டுச்சென்ற பெஸ்தாரி ஜெயாக் குட்டைகளுக்கும் புதிய வேலை வந்தது. 2014 வறட்சிக்குப் பின் அவற்றில் நீரைச் சேமித்து, ஆறு வற்றும்போது திருப்பி ஊற்றும் திட்டம் செயல்பட்டது. பழைய சுரங்கநிலத்தில் படிந்த உலோகங்கள் குடிநீரில் கலக்காமல் கண்காணிப்பது அத்திட்டத்தோடு சேர்ந்த பொறுப்பாயிற்று.

குப்பைமேடும் லயவீடும்

2005இல் கோலாலம்பூரின் குப்பையைக் கொட்டுவதற்கான நிலையம் புக்கிட் தாகாரில் திறக்கப்பட்டது. நகரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே, முன்பு தோட்டமாக இருந்த நிலம் அது. பழைய திறந்தவெளிக் குப்பைமேடுகளைவிட இது மேம்பட்டது. அடியில் நீர் கசியாத விரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, எழும் வாயுவிலிருந்து மின்சாரம் என்ற ஏற்பாடுகள் இதில் உண்டு. செமினி அருகே புரோகாவில் திட்டமிட்ட எரியாலை உள்ளூர் மக்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்ட அதே பத்தாண்டில் இது நடந்தது. புரோகாவில் சொந்த நிலமும் வழக்குத் தொடுக்க வசதியும் உடையவர்கள் இருந்தனர். புக்கிட் தாகார் வட்டாரத்தில் இருந்தவர்கள் தோட்டத்து வீட்டில் வாழ்ந்த தொழிலாளர்கள்.

தோட்டத் தொழிலாளியின் வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போகும். 1960களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், 1990களில் அவை நகர வளர்ச்சிக்காகக் கைமாறியபோதும் இதே நிலைதான். மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடின. நிலம் புதிய உரிமையாளரிடம் போனபின் தந்த உறுதிமொழிகள் நிறைவேறவில்லை என்பது அவர்களின் முறையீடு.

2024 மே 11இல் கோலா குபு பாரு சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் இந்தியர். இந்த ஐந்து தோட்டங்களின் வீட்டுப் பிரச்சினை அவ்வேளையில் நாடறிந்ததாயிற்று. தேர்தலையொட்டிய வாரங்களில் மத்திய, மாநில அரசுகளும் நில உரிமையாளரும் சேர்ந்து 245 தரைவீடுகளைக் கட்டும் திட்டத்தை அறிவித்தனர். தலைமுறைக் கணக்கில் நீண்ட ஒரு கோரிக்கை வாக்குப்பெட்டி அருகில் வந்தபோது நகர்ந்தது.

முடிவெடுக்கும் இடம்

மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் அடங்கும். சுற்றுச்சூழல் தரச் சட்டம் மத்திய அரசின் கையில் உள்ளது. தண்ணீர் வழங்கல் 2005க்குப் பின் இரண்டுக்கும் பொதுவானது. மாநில வருமானத்தில் நிலவரியும் நிலமாற்றக் கட்டணங்களும் பெரும்பங்கு வகிப்பதால், நிலத்தை மாற்றித் தருவதில் மாநிலத்துக்கு எப்போதும் ஓர் ஈர்ப்பு உண்டு. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டன. உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். மலைச்சரிவில் கட்டடம், ஆற்றோரத் தொழிற்சாலை போன்ற அன்றாட அனுமதிகள் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. 2022 டிசம்பர் 16இல் பத்தாங் காலி அருகே முகாம்தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தபோது, அந்த அனுமதிகளை யார் கண்காணிப்பது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

2008 தேர்தலில் ஆட்சி மாறியபின் சிலாங்கூர் சில புதிய வழிகளைத் திறந்தது. 2010இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு 25 ஆண்டுத் தடை விதித்தது. 2011இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காப்புக்காடு ஒன்றைப் பட்டியலிலிருந்து நீக்குமுன் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அந்த விதிக்கான சோதனை தெற்கே கோலா லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் நேர்ந்தது. 2020இல் அதை நீக்கும் அறிவிப்புக்கு 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. ஆயினும் அதில் ஒரு பகுதி நீக்கப்பட்டது. 2021இல் செய்தி வெளியாகி மக்கள் கொதித்தபின் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. ஆட்சேபம் கேட்கும் கடமை அரசுக்கு உண்டு, ஆட்சேபத்துக்குக் கட்டுப்படும் கடமை இல்லை என்பதும், பொதுக்கருத்து அந்த இடைவெளியை நிரப்ப முடியும் என்பதும் அதில் வெளிப்பட்டன.

சிலாங்கூர் ஆற்றுப் படுகையின் வரலாற்றில் பாதுகாப்பு மூன்று வழிகளில் வந்துள்ளது. மண்ணரிப்பைப் போல் சேதம் முதலாளியின் சொந்த நட்டமானபோது அது தானாக வந்தது. செம்பனை ஆலைகளில், மாசுக்கு விலை வைத்துக் கால அவகாசமும் தந்த சட்டத்தால் வந்தது. சேதத்தைத் தாங்குபவர் வேறொருவராக இருந்த இடங்களில் அவருக்கு நில உரிமையோ நீதிமன்றமோ வாக்கோ கைகொடுத்தபோதுதான் வந்தது. மூன்றாம் வழிதான் மிகத் தாமதமானது. பழைய கோலா குபுவின் கடைக்காரர்களுக்கு அது இல்லவே இல்லை. கெராச்சியின் தெமுவான்களுக்குத் தீர்ப்பு பிந்தி வந்தது. ஐந்து தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஓர் இடைத்தேர்தல் தேவைப்பட்டது. ஆற்றோர அனுமதிகளைத் தீர்மானிக்கும் ஊராட்சியில் மக்களின் பிரதிநிதித்துவமும், திட்டம் முடிவாகுமுன் பாதிக்கப்படுவோரின் ஒப்புதலும் இன்னும் சட்டத்தில் முழு இடம் பெறவில்லை. சிலாங்கூரில் வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் குறித்த இன்றைய விவாதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையே சுற்றி நிற்கின்றன.